தண்ணீர் குடிக்காத அக்காமார்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓணமும் ஆவணிக் கல்யாணங்களும் ஒன்றாக வந்து நெருக்கிய ஒரு சீசன் நேரம். கேரளத்து நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையின் கல்யாணச் சேலைப் பிரிவில் நடந்தது இது.

நான் பக்கத்துக் கொல்லயில் ஊர்க்காரி. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பஸ்ஸில் இரண்டும். கடை ஒற்றை ஷட்டரோடு இருந்த காலத்தில் சேர்ந்தவள். இப்போது லிஃப்ட் வைத்த மாடிக் கட்டடமாகிவிட்டது. பழைய முதலாளி போய் அவர் மகன் முதலாளி ஆனார். நான் மட்டும் அதே சேலைப் பிரிவில் இருக்கிறேன். என் திருமணத்துக்குப் பின் சேர்ந்து, மகளை வயிற்றில் சுமந்த மாதங்களிலும் நின்று வேலை பார்த்தேன்; இப்போது அந்த மகள் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள்.

"நின்று" என்று சொன்னேன் அல்லவா, அதுதான் இந்த வேலை. சேலைக் கடையில் வாடிக்கையாளர் உட்காருவார், நாங்கள் நிற்போம். வாடிக்கையாளர் இல்லாத நேரமும் நிற்போம். உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாராவது சேலை விரித்துக் காட்டுகிற மெத்தையின் ஓரத்தில் சாய்ந்தால், ஃப்ளோர் மேனேஜர் எங்கிருந்தாலும் பார்வை அங்கே வந்துவிடும்.

தண்ணீர் விஷயமும் அதே மாதிரிதான். யாரும் எங்களைத் தண்ணீர் குடிக்காதே என்று சொன்னதில்லை. பெண்களுக்கான கழிப்பறை தரைத்தளத்தில், கடைக்குப் பின்பக்கம். போக வேண்டுமானால் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "இப்பத்தானே போனீங்க?" என்று அவர் ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த முறை கேட்க நாக்கு எழாது. அதனால் பழைய ஆட்கள் எல்லோரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். காலையில் வீட்டில் பால் விடாத ஒரு கட்டன் சாயா. மதியம் சோற்றோடு இரண்டு மிடறு. பிறகு வீட்டுக்குப் போய்த்தான். அப்படிக் குடிக்காமல் இருப்பதை ஒரு சாமர்த்தியமாகவே நினைத்தோம்.

அந்த வருடம் புதிதாகச் சில பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். எல்லோரும் டிகிரி முடித்தவர்கள். அதில் ஒருத்தி பக்கத்து ஊரான திருப்புறத்துக்காரி. சர்ச்சில் பாடுகிற பிள்ளை, கணீரென்ற குரல். அவளை என்னோடு கல்யாணச் சேலைப் பிரிவில் போட்டார்கள். முதல் நாளே ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலோடு வந்து, அதைச் சேலை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். ஆள் இல்லாத நேரத்தில் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எனக்குத் திக்கென்றது.

"மக்கா, எழும்பு. சார் பாப்பாரு."

"கஸ்டமர் வந்தா எழும்புவேன் அக்கா. ஆரும் இல்லாத நேரத்துல ஆருக்கு வேண்டி நிக்கணும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

"நிக்காம இருந்து வேலை செய்யலாம்னு நியமமே உண்டு அக்கா" என்றாள் அவள். "எல்லா கடைக்கும் உள்ளதாக்கும்."

அப்படிச் சட்டம் இருப்பது எங்களுக்கும் தெரியும். அதிகாரிகள் பார்க்க வந்தால் காட்டுவதற்கென்று வாங்கிய பிளாஸ்டிக் ஸ்டூல்கள், மேலே சுற்றிய பாலித்தீன்கூடப் பிரிக்காமல் குடோனில் அடுக்கி இருந்தன. அவற்றில் உட்காரலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

மதியம் சாப்பிடும்போது புதிய பிள்ளைகளைப் பற்றித்தான் எங்கள் பேச்சு. பாறசாலையிலிருந்து வருகிற என் தோழி என்னைவிட மூத்தவள். ஒரே பஸ், ஒரே சீட், ஒருவர் கறியை ஒருவர் பகிர்ந்து தின்கிற பழக்கம். "இதுகளுக்கு காலுல எலும்பே இல்லியா? வந்த உடனே இருக்கணும்" என்பாள். கடை அடைக்கும் நேரம் வந்தால் மடிக்காத சேலை கிடந்தாலும் பிள்ளைகள் பையை எடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வரச் சொன்னால், "எனக்கு முடியாது சார்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். காரணம்கூடச் சொல்ல மாட்டார்கள். நாங்களானால் சொந்தத்தில் சாவு விழுந்தாலும் மத்தியானத்துக்குள் வந்து நிற்போம். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அதில் எங்களைச் சேர்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் எனக்கு இடுப்புக்கு மேலே, முதுகின் வலது பக்கம் ஒரு வலி வந்தது. நின்று நின்று வந்த வலி என்று தைலம் தேய்த்தேன். பிறகு காய்ச்சல். மாத்திரை போட்டேன், இறங்கியது, திரும்ப ஏறியது. சீசன் நேரம் லீவு கேட்பது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. வீட்டிலும் சொல்லவில்லை. மகள் நர்சிங் படிக்கிறவள், கேள்வி கேட்டே கொன்றுவிடுவாள்.

அன்றைக்குக் கள்ளிக்காட்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெண்ணுக்குப் பட்டு, நாத்தனாருக்கு, மாமியாருக்கு என்று பெரிய பார்ட்டி. அவர்கள் முன் நான் ஒவ்வொரு சேலையாக விரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று குளிர் எடுத்தது. பல் அடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற திருப்புறத்துக்காரி என் கையைத் தொட்டாள்.

"அக்கா, கையி தீயாட்டு இருக்கு!"

"ஒண்ணும் இல்ல மக்கா. ஏசி ஒத்துக்கல்ல."

ஒரு மாம்பழ மஞ்சள் பட்டை விரிக்கக் குனிந்தது நினைவிருக்கிறது. நிமிர முடியவில்லை. மெத்தை மேல், விரித்த சேலைகளின் மேலேயே சரிந்துவிட்டேன். அந்த நிலையிலும் எனக்கு வந்த முதல் எண்ணம், சேலை கசங்குமே என்பதுதான்.

அவள் கல்யாண வீட்டாரிடம் இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு என்னைத் தூக்கினாள். லிஃப்ட் வாசலில் ஃப்ளோர் மேனேஜர் வந்து நின்றார். பெரிய பார்ட்டி, பாதியில் விடக் கூடாது, அக்காவைக் கீழே ஸ்டாஃப் ரூமில் படுக்க வைத்து மாத்திரை கொடு, அரை மணி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே அவரைக் கேட்க ஆள் உண்டு.

"அவங்களுக்கு கல்யாணம் அடுத்த மாசம் சார்" என்றாள் அவள். "இவங்களுக்கு ஆஸ்பத்திரி இப்ப வேணும்." அவர் பதில் சொல்வதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிட்டது.

ஆட்டோவில் அவள் தோளில் சாய்ந்துகொண்டே நான் அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். "ஏன் பிள்ளே நீ இப்பிடி செய்தா? உனக்க வேலை போயிரும்."

"போனா வேற கிட்டும்" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

என் வாயில் ஒருநாளும் வந்திராத வாக்கியம் அது. வேலை போனால் வேறொன்று கிடைக்காது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். முதுகில் லேசாகத் தட்டினார். நான் அலறிவிட்டேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார்.

"குடிப்பேன் டாக்டர். தேவைக்கு உண்டு" என்றேன்.

"இல்ல டாக்டர்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "இவங்க குடிக்கியதே இல்ல. காலையில கடைக்கு வந்தா சாயங்காலம் வரைக்கும் வெள்ளம் குடிக்க மாட்டாங்க. குடிச்சா பாத்ரூம் போணும், போணும்னா சார் கிட்ட கேக்கணும். பழைய அக்காமாரு எல்லாரும் இப்பிடித்தான். நான் வந்த நாள் முதல் பாத்துட்டு இருக்கேன்."

அவமானத்தில் என் காய்ச்சல் இன்னும் ஏறியது போல் இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் நாங்கள் எங்களுக்குள்கூட வாய்விட்டுப் பேசாத ஒன்றை, நேற்று வந்தவள் ஊர் பேர் தெரியாத டாக்டர் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எத்தனை வருடமாக?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பரிசோதனை முடிவுகள் வந்தன. சிறுநீரில் தொடங்கிய கிருமி கிட்னி வரை ஏறியிருந்தது. இரத்தத்தில் கலக்கிற நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். உடனே படுக்கையில் போட்டு டிரிப் ஏற்றினார்கள்.

என் வீட்டுக்காரர் வந்து சேரும் வரை அவள் பக்கத்தில் இருந்தாள். அவர் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு, "அப்ப நான் போறேன் அக்கா. ட்யூட்டி டைம் முடிஞ்சாச்சு" என்றாள். அவ்வளவுதான். கண்ணீர் இல்லை, கையைப் பிடித்து ஆறுதல் இல்லை. எங்கள் ஆட்களாக இருந்தால் கூடவே இரண்டு நாள் தங்கியிருப்பார்கள், கஞ்சி வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். இவள் ட்யூட்டி டைம் என்கிறாளே என்று அப்போதும் எனக்கு ஒரு குறை.

உண்மையைச் சொன்னால், படுத்திருந்த முதல் நாட்களில் அவள் மேல் எனக்கு நன்றியைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. தோழி போனில் விசாரித்தபோது டாக்டர் அறையில் நடந்ததைச் சொன்னேன். "அதுகளுக்கு வாயி கூடுதலாக்கும்" என்றாள் அவள். நானும் ஆமாம் போட்டேன்.

ஆனால் தினமும் அந்தப் பிள்ளையிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். "வெள்ளம் குடிச்சியளா?" இரண்டே வார்த்தை. நான் "குடிச்சேன்" என்று பதில் போடுவேன். ஒரு கட்டைவிரல் படம் வரும். அதற்கு மேல் பேச்சு இல்லை.

உடம்பு கொஞ்சம் தேறி மறுபடி வேலைக்குப் போன அன்று அவளைத் தேடினேன், காணவில்லை. லீவா என்று கேட்டபோது தோழி சங்கதியைச் சொன்னாள். அந்தக் கல்யாண வீட்டார் வேறு கடைக்குப் போய்விட்டார்களாம். அனுமதி இல்லாமல் பாதியில் போனதற்காக, கடையில் அவளைக் கூப்பிடும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாளிலிருந்தே அவளுக்கு வேலை இல்லை. தினமும் என்னிடம் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஃப்ளோர் மேனேஜர் என்னை அழைத்தார். மேலே முதலாளி வந்திருக்கிறார், அந்தப் பெண்ணின் விஷயத்தை இன்று முடித்துவிடலாம் என்றார். "நீங்க பழைய ஆள். அவ்வளவு பெரிய சுகக்கேடு ஒன்றும் இல்லை, அவள்தான் அவசரப்பட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வது போலத்தான் சொன்னார். நானும் படியேறும்போது, இல்லை என்று சொல்ல வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. மகளின் படிப்புச் செலவு, வீட்டுக்காரரின் நிலையில்லாத வேலை, இவைதான் மனதில் ஓடின.

முதலாளி அறையில் அவர் மேசைக்கு முன் இரண்டு நாற்காலிகள் உண்டு. அத்தனை வருடத்தில் அதில் நான் உட்கார்ந்ததில்லை. அன்று மாடி ஏறி வந்ததில் தலை சுற்றியது. விழுந்துவிடுவேன் என்று தோன்றியதும் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். மேனேஜரின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்பதே எனக்கு உறைத்தது. ஆனால் எழவில்லை. எழ முடியவில்லை என்பதுதான் நிஜம்.

முதலாளி என்ன நடந்தது என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். மலையாளத்தில் தொடங்கி, எப்போது தமிழுக்கு மாறினேன் என்று தெரியாது.

"அந்தப் பிள்ள அண்ணைக்கு என்ன கொண்டு போகல்லேன்னா, நான் இண்ணைக்கு இங்க வந்திருக்க மாட்டேன் முதலாளி. டாக்டர் சொன்னதாக்கும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"பின்ன, நான் இத்தன வருஷமா இங்க பகல்ல வெள்ளம் குடிக்கியது இல்ல. நான் மட்டும் இல்ல, பழைய ஆளுவ எல்லாரும் அப்பிடித்தான். பாத்ரூம் போவ கேக்கணுமே, அதுக்கு நாணம். அதுதான் இந்த தீனமா, காய்ச்சலா வந்துச்சு."

இளம் முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. கோபமா வெட்கமா என்று எனக்குப் புரியவில்லை. "ஏன் யாரும் இதுவரை என்னிடம் சொல்லவில்லை?" என்றார்.

"நீங்க கேக்கல்ல. நாங்க சொல்லவும் இல்ல" என்றேன்.

அவர் மேனேஜரிடம் அந்தப் பெண்ணை நாளை வரச் சொல்லுங்கள் என்றார். மனம் இளகிச் சொன்னாரா, விஷயம் வெளியே போனால் கடைக்குக் கெட்ட பெயர் என்று நினைத்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். மறுநாள் அவள் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். "முதலாளி கிட்ட போய் நாற்காலியில இருந்துட்டு பேசினியளாமே அக்கா" என்று சிரித்தாள். அவர்களுடைய குழுவில் அதற்குள் செய்தி வந்திருக்கிறது.

கழிப்பறைக்குக் கேட்டுப் போகிற வழக்கம் அந்த வாரமே நின்றது. எங்கள் மாடியிலேயே வாடிக்கையாளர்களுக்கு இருந்ததை நாங்களும் பயன்படுத்தலாம் என்றார்கள். குடோனிலிருந்து ஸ்டூல்கள் மேலே வந்தன. பிள்ளைகள் பாலித்தீனைப் பிய்த்து எறிந்துவிட்டு உட்கார்ந்தார்கள். பழைய ஆட்கள் யாரும் உட்காரவில்லை. மேனேஜர் பார்க்காவிட்டாலும், நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் சொன்னதற்காக நான் உட்கார்ந்தேன். அதுவும் முதலில் வாடிக்கையாளர் கண்ணில் படாத மூலையில்தான்.

இதில் எனக்கு ஒரு இழப்பும் உண்டு. தோழி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். "பழைய ஆளுவ எல்லாரும்" என்று முதலாளி முன்னால் நான் சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் மறைத்து வைத்திருந்ததையும் சேர்த்து நான் உடைத்துவிட்டேன் அல்லவா. "நீ சின்னப் பிள்ளையளுக்க கூட கூடியாச்சு" என்று பஸ்ஸில் ஒருநாள் சொல்லிவிட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். டாக்டர் அறையில் எனக்கு வந்த அதே கோபம்தான் அது. அதனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கறி பகிர்வதும் நின்றது.

திருப்புறத்துக்காரி அதிக நாள் இருக்கவில்லை. கிறிஸ்துமஸ் கூட்டம் முடிந்ததும் திருவனந்தபுரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவர்களுடைய குழுவில் ஒரு மெசேஜ் போட்டாளாம், எனக்கு மறுநாள்தான் தெரியும். போன் செய்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று சண்டை போட்டேன். "அங்க சம்பளம் கூடுதல் அக்கா. பின்ன என்ன சொல்லணும்?" என்றாள். அவள் குரலில் கள்ளம் இல்லை. சொல்லிக்கொண்டு, கட்டிப்பிடித்து, அழுது பிரிவதெல்லாம் எங்கள் பழக்கம். அது அவளுக்கு இல்லை. இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதிலும் நியாயம் இல்லை என்று புரிய எனக்குச் சில நாள் ஆனது.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம். மாடியில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. சேலையை வைத்துப் பார்க்கிற பெரிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள், எனக்குப் பின்னால், பட்டுப் பிரிவின் கடைசியில் என் தோழி தெரிந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை காலால் இழுத்து, மெதுவாக உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டாள். நான் திரும்பவில்லை. சுத்தமாகிவிட்ட கண்ணாடியையே அவள் எழும்வரை துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. வந்து உட்கார்ந்தாள். சேலையைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினோம். வேறொன்றும் பேசவில்லை.

இந்த வருடமும் புதிய பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். "இதுகளுக்குப் பொறுமையே இல்லை" என்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வரும். சில நாள் நானும் சேர்ந்துகொள்வது உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பொறுத்துக்கொண்டு இருப்பதையே வேலை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தோமே, அது எங்கள் உடம்புக்கு நாங்களே செய்த துரோகம் என்று, என் மகள் வயதுப் பெண் ஒருத்தி என்னைக் கேட்காமலேயே எனக்காகப் பேசியபோதுதான் தெரிந்துகொண்டேன். அதை நினைக்கும்போது அந்தப் பேச்சில் என் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது.